ஊர் முழுக்க ஒரே புத்தகம்: எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படி நடத்துவது?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். உங்கள் பகுதி நூலகம், மக்கள் எல்லாரையும் சில வாரங்களுக்கு ஒரே புத்தகத்தை வாசிக்கச் சொல்லி, அதைப் பற்றிக் கூடிப் பேசவைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கவிருக்கிறது. தேர்வுக் குழுவில் உங்களையும் சேர்த்திருக்கிறார்கள். எல்லாருக்கும் பிடிக்கும் புத்தகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே புத்தகத்தை எல்லார் கையிலும் கொடுப்பது திணிப்பு ஆகாதா, நடத்தி முடித்த பிறகு அது வெற்றி என்று எதை வைத்துச் சொல்வது என்பவை அடுத்த இரண்டு கேள்விகள். மூன்றுக்கும் அடியில் ஒரே கவலைதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது: இவ்வளவு பாடுபட்டும் கடைசியில் எப்போதும் வருகிற அதே பத்திருபது பேர் மட்டும் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது?

பொது நூலகத்தில் வாசகர் சேவைப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட திட்டங்களை நடத்தியிருக்கிறேன், மற்ற நூலகங்கள் நடத்தும்போது கூட இருந்து உதவியும் இருக்கிறேன். எல்லாமே சிறிய, நடுத்தர அளவு ஊர்கள். பல லட்சம் பேர் வாழும் பெருநகரத்தில் ஒரு முழு நகராட்சியே முன்னின்று நடத்தும் திட்டத்துக்கு நான் சொல்வதில் சில பொருந்தாமல் போகலாம். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். என் பதிலைச் சுருக்கமாகச் சொன்னால்: எல்லாருக்கும் பிடிக்கும் புத்தகத்தைத் தேடுவதை விட்டுவிடுங்கள், அப்படி ஒன்று கிடைக்காது. படித்து முடித்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருக்க முடியாத புத்தகத்தைத் தேடுங்கள். உங்கள் உழைப்பில் பாதியை அந்தப் பேச்சை நடத்தப்போகும் ஆட்களைத் தயார் செய்வதற்கு ஒதுக்குங்கள்.

இந்தத் திட்டம் எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது விளங்கும். 1998-இல் அமெரிக்காவின் சியாட்டில் பொது நூலகத்தில், அங்கே இயங்கிய வாஷிங்டன் புத்தக மையத்தின் சார்பில், நான்சி பேர்ல் என்ற நூலகர் இதைத் தொடங்கினார். சியாட்டில் நகரம் முழுவதும் ஒரே புத்தகத்தைப் படித்தால் எப்படி இருக்கும் என்ற கேள்வியையே திட்டத்தின் பெயராக வைத்தார்கள். முதல் ஆண்டுக்கு எடுத்துக்கொண்டது ரஸ்ஸல் பேங்க்ஸ் எழுதிய ‘தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்’ என்ற நாவல். ஒரு சிற்றூரில் பள்ளிப் பேருந்து விபத்துக்குள்ளாகிப் பல குழந்தைகள் இறந்துபோகிறார்கள். யார்மேல் குற்றம், வழக்குப் போடுவதா வேண்டாமா என்று ஊர் பிளவுபடுகிறது. இதை நான்கு பேர் முறைவைத்துச் சொல்கிறார்கள்: பேருந்தை ஓட்டிய பெண், பிள்ளைகளைப் பறிகொடுத்த தந்தை, வெளியூரிலிருந்து வந்த வழக்கறிஞர், உயிர்பிழைத்த பதின்வயதுப் பெண். கனமான கதை. ஒரு நகரத்துக்கே பரிந்துரைக்க இதையா எடுப்பார்கள் என்று முதலில் தோன்றும். ஆனால் அந்த நால்வரில் யார் சொல்வதை நம்புவது என்பதிலேயே படித்த இரண்டு பேருக்கு நடுவில் பேச்சு தொடங்கிவிடும். தேர்வின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் இந்த யோசனை வேகமாகப் பரவியது. 2001-இல் சிகாகோ பொது நூலகம் ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலோடு தொடங்கியது. அது பலரும் ஏற்கெனவே பள்ளியில் படித்திருந்த நாவல். பிரதிகள் எளிதில் கிடைக்கும், மொழிபெயர்ப்புகளும் இருந்தன. சியாட்டிலின் தேர்வுக்கு நேர்மாறான வழி என்றாலும் அதுவும் நன்றாகவே நடந்தது. 2002-இல் வியன்னா நகரம் ஒரே புத்தகத்தின் 1,00,000 பிரதிகளை இலவசமாகக் கொடுக்கும் முறையைத் தொடங்கியது. டப்ளின் நகர நூலகங்கள் 2006 முதல் ஆண்டுதோறும் ஏப்ரலில் தங்கள் நகரத்தோடு தொடர்புள்ள ஒரு நூலை எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் தேசியக் கலை அறக்கட்டளை, 2002 கணக்கெடுப்பில் வயதுவந்தவர்களில் 46.7 சதவீதத்தினர் மட்டுமே இலக்கியம் வாசித்திருந்தார்கள் என்பதைக் கண்டு கவலைப்பட்டு, 2006-இல் பத்து ஊர்களில் ஒரு முன்னோட்டம் நடத்தி, மறு ஆண்டே அதை நாடு தழுவிய திட்டமாக விரித்தது.

நியூயார்க்கில் நடந்ததை உங்கள் குழு கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2002-இல் அங்கே தேர்வுக் குழு இரண்டு நூல்களுக்கு நடுவில் பிளந்தது. ஒன்று சாங்-ரே லீயின் நாவல், இன்னொன்று ஜேம்ஸ் மெக்பிரைடின் நினைவுக்குறிப்பு. எந்த நூல் எந்தச் சமூகத்தாரைப் புண்படுத்தும், எது நகரத்தைச் சரியாகப் பிரதிநிதித்துவப்படுத்தும் என்ற வாதத்திலேயே காலம் போய், நகரம் முழுவதற்கும் ஒரே நூல் என்ற ஏற்பாடே கலைந்துபோனது. அவர்கள் புத்தகத்தின்மேல் ஏற்றிய சுமைதான் அதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. ஒரு நாவல் ஒரு நகரத்தின் அத்தனை சமூகங்களுக்கும் நியாயம் செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தால் எந்த நாவலும் தேறாது. நான்சி பேர்லும் இது ஒரு நூலகத் திட்டம், குடிமைப் பாடம் நடத்துகிற ஏற்பாடாக இதை ஆக்கிவிடக் கூடாது என்று வலியுறுத்தி வந்தவர். உங்கள் முதல் கூட்டத்திலேயே இதைப் பேசி முடிவுசெய்துவிடுங்கள். இந்த ஆண்டுக்கு ஒரு புத்தகம், அடுத்த ஆண்டுக்கு வேறொன்று. ஒரே நூல் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியதில்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டால் பாதிச் சண்டை வராது.

சரி, திணிப்பு பற்றிக் கேட்டீர்களே. இது நியாயமான தயக்கம். திறனாய்வாளர் ஹெரால்ட் ப்ளூம் இந்தத் திட்டங்கள் பரவத் தொடங்கியபோதே வெளிப்படையாக எதிர்த்தார். நூலகத் துறைக்குள்ளேயே இந்த எதிர்ப்புக்கு ஆதாரம் இருக்கிறது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. அப்படி இருக்க எல்லா வாசகருக்கும் ஒரே நூல் என்றால் எப்படி? நான் இதற்கு மூன்றாவது விதியிலிருந்து பதில் எடுக்கிறேன்: ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். அலமாரியில் இருக்கும் நல்ல நூல்களில் பெரும்பாலானவை தங்கள் வாசகரைச் சந்திப்பதே இல்லை. அப்படி ஒரு நூலை எடுத்து, இதுவரை அதன் பக்கம் வந்திராத பலருக்கு அறிமுகம் செய்துவைப்பது நூலகரின் வேலைதான். எங்கே அது திணிப்பாகிறது என்றால், மறுப்பதற்கு வழி இல்லாதபோது. பள்ளி மாணவர்களுக்குக் கட்டாயமாக்கி மதிப்பெண் வைத்தால் அது திணிப்பு. ஓர் அலுவலகத்தில் மேலதிகாரி எல்லாரும் படித்தே ஆக வேண்டும் என்றால் திணிப்பு. எனக்குப் பிடிக்கவில்லை, முப்பதாம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன் என்று ஒருவர் கூட்டத்தில் வந்து சொல்லலாம், அதையும் மரியாதையோடு கேட்பார்கள் என்ற நிலை இருந்தால் அங்கே திணிப்புக்கு இடமில்லை.

இனி தேர்வு. பேச வைக்கும் புத்தகம் என்றேன். அதை எப்படி அடையாளம் காண்பது? குழுவில் இரண்டு பேர் படித்துவிட்டு, கதையில் வரும் ஒரு முக்கியமான செயலைப் பற்றி வேறு வேறு தீர்ப்புச் சொல்கிறார்களா என்று பாருங்கள். இருவரும் அருமை, நெகிழ்ந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னால் அந்தப் புத்தகம் தனியாகப் படிக்க நன்றாக இருக்கும், கூட்டத்துக்கு உதவாது. இந்தத் திட்டத்தில் அதிகம் ஏமாற்றுவது அப்படிப்பட்ட நூல்கள்தான். ஒன்றரை மணிநேரக் கூட்டத்தில் பதினைந்தாவது நிமிடமே எல்லாரும் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவார்கள். இன்னொரு பக்கம், ஆசிரியரே எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லிவிடுகிற நூலும் உதவாது. அறிவுரை சொல்லும் நூல்கள் பெரும்பாலும் இந்த வகை. நல்லவன் யார், கெட்டவன் யார் என்று முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டால் வாசகர் செய்வதற்கு என்ன இருக்கிறது?

அளவும் முக்கியம். இலக்கியத் தேர்ச்சி உள்ளவர்கள் குழுவில் இருந்தால் நானூறு ஐந்நூறு பக்க நாவலை மிக எளிதாக முன்மொழிந்துவிடுவார்கள். இருநூற்றைம்பது பக்கத்துக்குள் இருப்பதை எடுங்கள் என்பேன். இது அளந்து பார்த்துச் சொல்லும் எண் இல்லை, அனுபவத்தில் வந்தது. ஆண்டுக்கு ஒரு புத்தகம்கூடப் படிக்காத ஒருவர் அதைக் கையில் எடுத்ததும் கனத்தைப் பார்த்துக் கீழே வைத்துவிடக் கூடாது. முதல் இருபது பக்கத்தில் என்ன நடக்கிறது, எத்தனை பெயர்கள் வருகின்றன என்றும் பாருங்கள். சிறுகதைத் தொகுப்பை ஏனோ பலர் யோசிப்பதே இல்லை. ஒன்றிரண்டு கதை மட்டும் படித்தவரும் கூட்டத்தில் முழு உரிமையோடு பேசலாம் என்பது பெரிய வசதி. அதன் குறை, ஒவ்வொருவரும் வேறு வேறு கதையைப் படித்துவிட்டு வருவார்கள். ஆகவே மூன்று கதைகளை முன்கூட்டியே குறித்துக் கொடுத்துவிட வேண்டும்.

அச்சில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எவ்வளவு நல்ல நூலாக இருந்தாலும் பதிப்பாளரிடம் பிரதி இல்லை, மறுபதிப்புக்கு நாளாகும் என்றால் அதை விட்டுவிடுவதுதான் நல்லது. உங்கள் பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுபவர்கள் இருந்தால் மொழிபெயர்ப்பு இருக்கும் நூலுக்கு முன்னுரிமை கொடுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான வடிவங்களைக் கடைசி நேரத்தில் யோசிக்கும் வழக்கம் எனக்கு வருத்தம் தருவது. பெரிய எழுத்துப் பதிப்பு, பிரெய்ல், ஒலிநூல் ஆகியவை தயாராக மாதக்கணக்கில் ஆகும். 2013-இல் ஏற்கப்பட்டு 2016-இல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் உடன்படிக்கை, அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காகப் பதிப்புரிமை உரிமையாளரின் அனுமதி இல்லாமலேயே, அதற்கென உள்ள அமைப்புகள் இத்தகைய வடிவங்களை உருவாக்கவும் பகிரவும் வழி செய்கிறது. அதில் சேர்ந்த நாடுகளின் சட்டத்தைப் பொறுத்து விவரம் மாறும் என்பதால் உங்கள் நாட்டின் பார்வையற்றோர் நூலகத்திடம் கேட்டுவிடுங்கள். புத்தகத்தை அறிவிக்கும் அதே நாளில் எல்லா வடிவங்களும் மேசையில் இருக்க வேண்டும். கண் தெரியாத வாசகருக்கு மட்டும் ஒரு மாதம் கழித்துக் கிடைத்தால் அது பொதுத் திட்டமே இல்லை.

பொதுமக்களிடம் வாக்கெடுப்பு நடத்தலாமா என்ற யோசனை எப்படியும் வரும். நடத்தலாம், ஆனால் குழு படித்துத் தேர்ந்த மூன்று நூல்களுக்கு நடுவில் மட்டும். திறந்த வாக்கெடுப்பு வைத்தால் ஏற்கெனவே எல்லாரும் படித்த ஒன்றோ, ஒரு கூட்டம் ஆள் திரட்டி வாக்குப் போட்ட ஒன்றோதான் மேலே வரும். கனடாவில் 2002 முதல் வானொலியில் நடக்கும் ‘கனடா ரீட்ஸ்’ இதை வேறு விதமாகச் செய்கிறது. ஐந்து பிரமுகர்கள் ஆளுக்கொரு நூலுக்காக வாதாடுவார்கள், நாளொன்றுக்கு ஒரு நூல் வாக்கில் வெளியேறும். முதல் ஆண்டு வென்றது இலங்கையில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சியின் நாவல். போட்டி என்பதால் விறுவிறுப்பு உண்டு. ஆனால் அது ஊடக நிகழ்ச்சி. நூலகம் அதைப் போலச் செய்யப் போனால் பேச்சு முழுக்க எது வெல்லும் என்பதைச் சுற்றியே போய்விடும் என்று அஞ்சுகிறேன்.

தேர்ந்த நூலுக்கு யாராவது ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதற்குப் பயந்து பல்லில்லாத நூலை எடுக்காதீர்கள். எந்த அளவுகோல்களின்படி தேர்ந்தெடுத்தோம், எழுத்தில் புகார் வந்தால் யார் படித்து எத்தனை நாளில் பதில் சொல்வார்கள் என்பதை அறிவிப்புக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதி நூலகத் தலைவரின் ஒப்புதல் வாங்கி வையுங்கள். ஆட்சேபம் சொல்பவரையும் கூட்டத்துக்கு அழையுங்கள். புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டு வந்து எதிர்ப்பவர் நல்ல வாசகர்.

பிரதிகளைப் பற்றிச் சிலது. ஒரு பகுதியை வழக்கம்போல இரவல் கொடுக்க வையுங்கள். இன்னொரு பகுதியைச் சேர்க்கைப் பதிவேட்டில், அதாவது நூலகத்துக்குச் சொந்தமான நூல்களின் பதிவேட்டில், ஏற்றாமல், கைமாறிப் போகும் பிரதிகளாக விட்டுவிடுங்கள். அட்டையின் உள்பக்கம், படித்து முடித்ததும் இன்னொருவருக்குக் கொடுங்கள் என்று ஒரு சீட்டு ஒட்டி, படித்தவர்கள் பெயரோ ஒரு வரியோ எழுதக் கோடு போட்டு வைத்தால் போதும். இவற்றில் பல திரும்பி வராது. ஆகையால் கணக்கில் தொடக்கத்திலேயே பரப்புரைச் செலவாகக் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தணிக்கையின்போது நூலகர் தலையில் விடியும். உறுப்பினர் அட்டை இல்லாதவர், பழைய அபராதம் பாக்கி இருப்பதால் நூலகப் பக்கமே வராதவர் ஆகியோரை எட்டுவதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. பிரதி போதவில்லை என்று ஒளிநகல் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒரு பகுதியைப் பொது இடத்தில் வாசிப்பதற்கும், அதை ஒளிப்பதிவு செய்து வலையேற்றுவதற்கும்கூடப் பதிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன்: பேச்சை நடத்துபவர்கள். பொதுவாக நடப்பது என்னவென்றால், ஒரு பேராசிரியரையோ புகழ்பெற்ற பேச்சாளரையோ அழைத்து மேடை போட்டு, அவர் ஒரு மணிநேரம் நூலைப் பற்றிப் பேசுவார். கடைசிப் பத்து நிமிடம் கேள்வி நேரம். அது சொற்பொழிவு. நல்ல சொற்பொழிவு கேட்பதில் தவறில்லை, ஆனால் உங்கள் திட்டத்தின் உயிர் அதில் இல்லை. புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர் மனதில் இருந்த சிறு சந்தேகம், அறிஞர் பேசி முடித்ததும் இனி நாம் சொல்ல என்ன இருக்கிறது என்று அடங்கிப்போகும். வட்டமாக நாற்காலி போட்டு, பத்துப் பன்னிரண்டு பேர், ஒலிபெருக்கி இல்லாமல், நடத்துபவரும் அதே வட்டத்தில் உட்கார்ந்து பேசுவதுதான் வேண்டும். இருபது பேருக்கு மேல் வந்தால் இரண்டு வட்டமாகப் பிரியுங்கள். இதற்கு ஆள் வேண்டும், அதனால்தான் முன்கூட்டியே பயிற்சி.

பயிற்சி என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். நடத்தப்போகிறவர்கள் அதே புத்தகத்தைப் படித்துவிட்டு, அதே முறையில் தங்களுக்குள் ஒரு கூட்டம் நடத்திப் பார்ப்பதுதான் பயிற்சி. ஆசிரியர்கள் கிடைத்தால் நல்லது, ஆனால் சரியான விடையை எதிர்பார்க்கும் வழக்கம் அவர்களிடம் ஊறியிருக்கும், அதைச் சற்று ஒதுக்கி வைக்கச் சொல்ல வேண்டும். வீட்டிலும் வேலையிடத்திலும் பொறுமையாகக் கேட்கிறவர் என்று பெயர் எடுத்தவர்கள் இதைப் பிரமாதமாகச் செய்கிறார்கள். அவர்கள் பெரிய வாசகர்களாக இருக்க வேண்டிய தேவைகூட இல்லை.

கூட்டத்தை ஒரு பக்கத்தை உரக்கப் படித்துத் தொடங்குங்கள். முழுதாகப் படித்தவர், பாதி படித்தவர், கூட வந்தவர் எல்லாருக்கும் கையில் பொதுவாக ஒன்று கிடைத்துவிடும். லிவர்பூலை மையமாகக் கொண்டு ஜேன் டேவிஸ் தொடங்கிய ‘தி ரீடர்’ என்ற அறக்கட்டளை இதையே முழு முறையாக வளர்த்திருக்கிறது. அவர்களுடைய குழுக்களில் யாரும் முன்கூட்டியே படித்துவிட்டு வர வேண்டியதில்லை. அங்கேயே உரக்கப் படித்து, நிறுத்தி, பேசி, மறுபடி படிக்கிறார்கள். மனநல மையங்களிலும் சிறைகளிலும் முதியோர் இல்லங்களிலும் அவர்கள் இதைச் செய்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தயங்கும் பெரியவர்கள் உங்கள் பகுதியில் இருந்தால் இந்த முறையில் ஒரு வட்டமாவது தனியாக வையுங்கள்.

புத்தகம் பிடித்ததா என்பதை முதல் கேள்வியாகக் கேட்கவே கூடாது. முதலில் பேசும் இருவர் பிடித்தது என்றால் மற்றவர்களும் அதையே சொல்வார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். நான் பெரும்பாலும், எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள் என்று கேட்பேன். ஒருவர் தூக்கம் வந்தது என்பார், ஒருவர் அந்த அம்மா செய்ததைத் தாங்க முடியவில்லை என்பார், ஒருவர் நாற்பதாம் பக்கத்தில் மூடினேன், பிறகு திறக்கவே இல்லை என்பார். மூன்றுமே கூட்டத்துக்குள் நுழைய நல்ல வாசல்கள். அடுத்து, யார் சொன்னதை நீங்கள் நம்பவில்லை? யாராவது பொதுப்படையாகப் பேசத் தொடங்கினால், எந்தப் பக்கத்தைப் படித்தபோது அப்படித் தோன்றியது என்று மெல்லப் புத்தகத்துக்குத் திருப்புங்கள். ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் அவரை அடக்க முயல வேண்டாம். இதற்கு மாறாக நினைப்பவர் யாராவது உண்டா என்று கேளுங்கள். யாரும் வாய் திறக்காவிட்டால் பொறுத்திருங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நடத்துபவரே பதில் சொல்லிவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. இன்னொன்று: சாவு, குடும்ப வன்முறை போன்றவை வரும் நூலாக இருந்தால் யாராவது தம் சொந்தக் காயத்தைத் திறந்துவிடுவார். அதைக் கேட்கலாம், ஆறுதலாக இருக்கலாம், ஆனால் வாசிப்பு வட்டம் சிகிச்சைக் கூடம் ஆகிவிடக் கூடாது. எங்கே உதவி கிடைக்கும் என்ற விவரத்தை நடத்துபவர் கையில் வைத்திருக்க வேண்டும்.

வழக்கமான அதே பத்திருபது பேர் என்ற கவலைக்கு வருகிறேன். அது வீண் கவலை இல்லை. பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளிலும் இத்தகைய நிகழ்ச்சிகளை நேரில் ஆராய்ந்த டேனியல் ஃபுல்லர், டெநெல் ரெபெர்க் செடோ என்ற இரு ஆய்வாளர்கள் 2013-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே வாசிப்பில் ஈடுபாடு உள்ளவர்களே, அவர்களிலும் பெண்களே, இவற்றுக்கு அதிகம் வருகிறார்கள் என்பது அவர்களும் கவனித்தது. என் அனுபவமும் அதுதான். சுவரொட்டியும் பதாகையும் ஏற்கெனவே நூலகத்துக்கு வருபவர்களைத்தான் அழைத்து வருகின்றன. புதியவர்களை அழைத்து வருவது தெரிந்த ஒருவரின் வாய்ச்சொல். முடிதிருத்தகக்காரர், மருத்துவமனைச் செவிலியர், பேருந்து ஓட்டுநர், தொழிற்சங்கப் பொறுப்பாளர் என்று பலரும் நம்பிப் பேசுகிற ஆட்களுக்கு அறிவிப்புக்கு ஒரு மாதம் முன்பே புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கூட்டத்தையும் அவர்கள் இடத்திலேயே வையுங்கள், அவர்களுக்கு ஓய்வான நேரத்தில். நூலகத்தில் மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு உழைக்கும் மக்கள் வரவில்லை என்று சொல்வது சரியில்லை. குழந்தைகளுக்கு அதே கருப்பொருளில் வேறொரு சிறிய நூலைத் துணை நூலாக எடுத்தால் பெற்றோரும் சேர்ந்து வருவார்கள்.

எழுத்தாளரை அழைப்பது பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வந்தால் மகிழ்ச்சி, ஆனால் கடைசி வாரத்தில் வரட்டும். முதல் வாரத்திலேயே வந்து அந்தக் கதாபாத்திரம் ஏன் அப்படிச் செய்தது என்று அவரே விளக்கிவிட்டால், பிறகு வாசகர்கள் பேச என்ன மிச்சம்?

வெற்றியை எதை வைத்து அளப்பது? உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. தேர்ந்த நூலுக்கு இரவல் கூடும், காத்திருப்புப் பட்டியல் நீளும், புது உறுப்பினர்கள் சேர்வார்கள். இவற்றை எண்ணிவிடலாம். நான் கூடுதலாக இரண்டை எண்ணச் சொல்வேன். ஒரு கூட்டத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவது கூட்டத்துக்கும் வந்தார்கள் என்பது ஒன்று. கூட்டம் முடிந்து போகும்போது ஒரு சிறு அட்டையில், இதற்கு முன் பேசியிராத ஒருவரோடு இன்று பேசினீர்களா என்று கேட்டு வாங்குவது இன்னொன்று.

இதற்கு மேல் சொல்லப்படுபவை சந்தேகத்துக்கு உரியவை. இப்படிப்பட்ட திட்டத்தால் மக்களின் வாசிப்புப் பழக்கம் நிலையாகக் கூடுகிறது என்றோ, சமூகங்களுக்கு இடையிலான பகை குறைகிறது என்றோ விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள், அதற்குத் திடமான சான்று இல்லை. இலக்கியம் படித்தால் பிறர் மனதைப் புரிந்துகொள்ளும் திறன் உடனே கூடுகிறது என்று 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் கிட், கஸ்தானோ இருவரும் வெளியிட்ட ஆய்வைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். 2016-இலும் 2018-இலும் வேறு ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. வாசிப்பு மனிதரை மாற்றும் என்று நானும் நம்புகிறேன், அதற்காகவே இந்த வேலையில் இவ்வளவு காலம் இருந்தேன். ஆனால் என் நம்பிக்கையைச் சான்று என்று சொல்லிப் பணம் கேட்க மாட்டேன். அறிமுகமில்லாத பலர் ஒரே விஷயத்தைப் பற்றி ஒரு மாதம் பேசிக்கொண்டார்கள் என்பது எண்ணிக் காட்டக்கூடியது. பணம் கொடுப்பவரிடம் அதைச் சொன்னால் போதும் என்பது என் கருத்து.

கால அளவைப் பொறுத்தவரை, தேர்விலிருந்து தொடக்கம் வரை எட்டு மாதமாவது வையுங்கள். பிரதிகள், ஒலிநூல், அனுமதிகள், ஆட்களைத் தயார்செய்வது எல்லாவற்றுக்கும் அது தேவைப்படும். நிகழ்ச்சிகள் நடக்கும் காலம் ஐந்தாறு வாரம் போதும், அதற்கு மேல் இழுத்தால் பேச்சு ஆறிவிடும். பள்ளிப் பரீட்சையும் பள்ளித் திறப்பும் ஒட்டி வராத மாதமாகப் பாருங்கள். உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒன்று செய்யலாம். இறுதிப் பட்டியலுக்கு வரக்கூடிய மூன்று நூல்களை, வாசிக்கும் பழக்கம் இல்லாத மூன்று நான்கு பேரிடம் கொடுத்து இரண்டு வாரம் வைத்திருக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் வரை போனார்கள், அங்கே ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். குழுவில் நீங்கள் சொல்லும் கருத்துக்கு அந்தக் காகிதம் துணையாக இருக்கும்.